மூக்கு செத்த வீடு

போன வாரம் பக்தவச்சலத்தை ஆம்பூர் தபாலாபீசு வாசலில் தவிக்க விட்டுவிட்டு வந்துவிட்டோம். கலவையில் இருக்கும் தங்கைக்குத் தந்தி கொடுத்து மூன்று நாளாகியும் பதிலைக் காணோமே என்று அவன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். பதில் வரவில்லைதான். ஆளே வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு வேலூர் பெரியாஸ்பத்திரி வாசலில், இளநீர் வண்டியின் நிழலில், துணிப்பையை மார்போடு அணைத்தபடி அம்சவேணி நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. உள்ளே போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்ததாகவும் அவன் தூங்குவதாகவும் சொன்னாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். அப்பாவின் கருமாதிக்குப் பிறகு, ஆறு வருஷம் கழித்து, அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பக்தவச்சலம் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிறவன். அவன் தம்பி நந்தகோபால், இருபத்தாறு வயசு, அதே ஷாப்பில் சரக்கு ஏற்றுகிறவன். நான்கு மாதத்துக்கு முன்னால் லாரியில் அடுக்கிக்கொண்டிருந்த தோல் கட்டு சரிந்து நந்துவின் முதுகில் விழுந்தது. உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் அதற்குப் பிறகு அவன் சொல் கேட்கவில்லை.

இனி தங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் திங்களன்று கையை விரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்கு அழைத்துப் போகலாம். இல்லையென்றால் காட்பாடி தாண்டி, இப்படிப்பட்டவர்களுக்காகவே மிஷன்காரர்கள் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரே ஒரு கட்டில் காலி. போய்ப் பார்த்துவிட்டு வியாழன் மாலைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். வீட்டில் பக்தவச்சலத்தின் மனைவி கமலவேணிக்கு எட்டாம் மாதம். அவளாலேயே திரும்பிப் படுக்க முடியவில்லை.

ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வர ஒருத்தன் போதாதா, கலவையிலிருந்து தங்கை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பக்தவச்சலத்துக்கு மூக்கு கிடையாது. அதனால்தான்.

முகத்தில் மூக்கு லட்சணமாகவே இருந்தது. வேலைதான் செய்யவில்லை. பதினாலு வயதில் ஷாப்புக்குள் போனவன். சுண்ணாம்புக் குழியும் பச்சைத் தோலும் ஆவாரம்பட்டை ஊறலும் சேர்ந்து இருபத்துநாலு வருஷத்தில் அதை அவித்துவிட்டன. அப்பாவுக்கும் அப்படித்தான். நந்துவுக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்பே ஷாப்பில் மயிர் உலர்த்தப் போன கமலவேணிக்கும் அப்படித்தான். அந்த வீட்டில் மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மாட்டுக்கொம்பும் ஒன்றுதான். அக்கம்பக்கமும் ஷாப்பு ஜனமே. அம்சவேணி ஒருத்திதான் ஷாப்புப் படி மிதிக்காமல் கல்யாணமாகி, நெல் விளைகிற ஊருக்குப் போனவள்.

ஆனால் பக்தவச்சலத்தின் கட்டைவிரல் இருக்கிறதே, அது வேறு. ஒரு ஆட்டுத்தோலின் மேல் அதை ஓட்டினால், ஆடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த இடத்தைக்கூடச் சொல்லிவிடுவான். முதலாளி ஆபித் பாஷா அவன் கையைக் கேட்காமல் ஒரு கட்டுகூட அனுப்ப மாட்டார். மேல்பக்கத்தின் மினுமினுப்பைப் பார்த்து மயங்காதே, புரட்டிப் பார் என்பதுதான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவன் சொல்லும் முதல் பாடம்.

அந்த விரலுக்குச் சொந்தக்காரன்தான் பெற்ற தகப்பனைப் புரட்டிப் பார்க்காமல் விட்டான்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் மல்லாந்தே கிடந்தார். யாராவது புரட்டப் போனால் வலிக்கிறதென்று கத்துவார். படுத்த மனுஷனை மேலும் பாடுபடுத்துவானேன் என்று விட்டுவிட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு அம்சவேணி கணவன் சம்பத்தோடு பலகாரமும் பழமுமாக வந்தாள். வாசலில் கால் வைத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

பக்தவச்சலத்துக்குச் சுருக்கென்றது. கலவைத் தண்ணி குடித்ததும் மூக்கு முளைத்துவிட்டதா, இந்த நாற்றத்தில் சம்பாதித்ததுதானே உன் கழுத்தில் தொங்குகிறது என்று மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டான். சம்பத் ரோஷக்காரர். கொண்டுவந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். இனி இந்த வீட்டு ஆள் என் வாசல்படி ஏறக் கூடாது என்று நாலுபேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். குளிப்பாட்டும்போதுதான் அவரைப் புரட்டினார்கள். முதுகின் அடியில், இடுப்பெலும்புக்கு மேலே, ஒரு கைப்பிடி அளவுக்குச் சதையே இல்லை. பக்தவச்சலம் சட்டென்று வேட்டியைப் போட்டு மூடினான். கூட நின்ற பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துக் கும்பிட்டான். அந்த ஆள் நல்லவன், இன்றுவரை வாய் திறக்கவில்லை.

வீடே அந்த அழுகலின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது, சிரித்திருக்கிறது, தூங்கியிருக்கிறது. வேறு எந்த ஊரிலாவது, வேறு எந்த ஜனத்துக்காவது இப்படி ஒரு தப்பு நடக்குமா? ஒருத்திக்குத் தெரிந்தது. அவளை அடித்து விரட்டாத குறையாக விரட்டியாகிவிட்டது.

அன்றிலிருந்து பக்தவச்சலத்துக்கு ஒரு தொல்லை. இருந்தபோது தெரியாத அந்த நாற்றம் இப்போது வருகிறது. சாப்பிட உட்கார்ந்தால் வரும். மேஜைமேல் ஒரு தோலைப் புரட்டிப் போட்டால் வரும். வேறு எதுவும் தெரியாத மூக்குக்கு அது மட்டும் எப்படித் தெரிகிறது என்று யாரைப் போய்க் கேட்பான்? கனவில் அப்பா வருவார். எப்போதும் குப்புறப் படுத்திருப்பார். முகம் தெரியாது. எழுந்து பார்த்தால் விடிந்திருக்கும், அவன் கட்டைவிரல் பாயை அழுத்திக்கொண்டிருக்கும்.

அந்த வியாழக்கிழமை, காட்பாடி பஸ்ஸில் கண்டக்டரிடம் இடத்தைச் சொன்னதும், "நொண்டி பங்களாவா?" என்று கேட்டு ஆளை ஏற இறங்கப் பார்த்தார். ஊர் வைத்த பெயர். அம்சவேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இறங்கி அரை மைல் நடக்க வேண்டும். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எதற்காகத் தந்தி கொடுத்தேன் என்பதைச் சொல்லவேண்டுமே என்று பக்தவச்சலம் ரயிலில் வரும்போதே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தான். வாய்க்கு வரும்போது பாதியைக் காணோம்.

"அம்சா, அங்க போனதும் நீ கொஞ்சம்..."

"தெரியும். நட" என்றாள்.

இல்லம் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். மலையடிவாரத்தில் வேப்பமரங்களுக்கு நடுவில் இருந்தது. முதலில் அவன் கண்ணில் பட்டது, எங்கேயும் படிக்கட்டு இல்லை என்பதுதான். படி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சரிவாகச் சிமெண்டு பூசியிருந்தார்கள். சரி, இதைக் கட்டினவன் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான் என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டான். சுத்தமான சுவரும் வெள்ளை விரிப்பும் அவனை அசைக்கவில்லை. அதெல்லாம் மேல்பக்கம்.

இல்லத்தை நடத்துகிறவர் மரியம்மாள் என்ற நர்ஸ். ஐம்பது வயசிருக்கும். குள்ளம், கறுப்பு, நடையில் வேகம். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க தம்பிய இன்னிக்குக் காலைல யாரு திருப்பிப் போட்டாங்க?"

பக்தவச்சலம் விழித்தான். ஆஸ்பத்திரி நர்சுகள் போட்டிருப்பார்கள் என்று இழுத்தான்.

"நாலு மாசத்துல நீங்க ஒரு தடவகூடப் போட்டதில்லையா?"

"இல்லம்மா."

மரியம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாருங்கள் என்று வார்டுக்குள் அழைத்துப் போனார்.

பன்னிரண்டு கட்டில். பதினோரு ஆண்கள். அவர்கள் உள்ளே போன நேரம் யாரோ ஒரு கைமணியை ஆட்டினார்கள். உடனே வார்டு முழுக்க ஒரு அசைவு. கை பலமுள்ளவர்கள் கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தாங்களே ஒருக்களித்தார்கள். முடியாதவர்களை ஆட்கள் வந்து திருப்பினார்கள். இரண்டு நிமிஷத்தில் கிழக்கே பார்த்திருந்த பதினோரு முகமும் மேற்கே பார்த்தன. இரண்டு மணிக்கொரு தரம், ராத்திரி பகல் எந்நேரமும் இது நடக்கும் என்றார் மரியம்மாள். தோசையைத் திருப்பாவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் மனுஷனுக்கும் ஆகும் என்றார்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சின்னக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. சவரத்துக்கோ என்று அம்சவேணி கேட்டாள். இல்லையாம். காலையில் எழுந்ததும் அவரவர் முதுகை அவரவர் அதில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எங்காவது சிவந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். இங்கே அது செல்லாது. பக்தவச்சலம் அந்தக் கண்ணாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு யாராவது ஒருவருடைய முதுகைத் தான் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். மரியம்மாளுக்கே அது புதுசு. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அப்துல் சமத் சிரித்தார். வாணியம்பாடிக்காரர், லாரி டிரைவராக இருந்தவர், வண்டி கவிழ்ந்து இங்கே வந்தவர்.

"இன்னா சாமி, வர்றவங்கோ எல்லாரும் காலத்தான் பாப்பாங்கோ. நீ முதுகக் கேக்குற. பாரு, பேஜாரில்ல."

பக்தவச்சலம் சட்டையை விலக்கிக் கட்டைவிரலை வைத்தான். கழுத்திலிருந்து மெதுவாக இறக்கினான். இடது இடுப்பெலும்பின் மேல் விரல் நின்றது. மற்ற இடத்தைவிட அங்கே தோல் மெலிசு, வழவழப்பு.

"இங்க ஒண்ணு இருந்து ஆறியிருக்கு பாய். எட்டு மாசம் இருக்கும்."

சமத் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஒன்பது" என்றார் மரியம்மாள்.

அப்புறம் சமத்தே சொன்னார். முதல் தடவை வந்தபோது மூன்று மாதத்தில் எல்லாம் கற்றுக்கொடுத்து, தோலில் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்களாம். வீட்டுக்குப் போன நாற்பதாம் நாள் புண் வந்துவிட்டது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"அவங்கோ மேல தப்பு சொல்ல மாட்டேன் சாமி. மொதல்ல ரெண்டு தடவ மறந்துட்டாங்கோ. அப்புறம் மறந்துட்டோம்ன்றதயே மறந்துட்டாங்கோ."

பக்தவச்சலம் சட்டையை இறக்கிவிட்டான். இடத்தைச் சோதிக்க வந்தவனுக்கு, இடம் தன் வீட்டைச் சோதிக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

இதற்குள் அம்சவேணி ஒவ்வொரு கட்டிலாகச் சுற்றிவிட்டுப் பின்வராந்தாவுக்குப் போயிருந்தாள். சமையலறை, துணி துவைக்கும் இடம், கக்கூஸ் எல்லாவற்றையும் பார்த்தாள். கடைசியில் ஒரு சாத்திய கதவுக்கு முன்னால் நின்றாள். அவள் கை முந்தானையோடு பாதி உயர்ந்து, அப்படியே இறங்கியதைப் பக்தவச்சலம் பார்த்தான்.

"ண்ணா, இங்க இருக்குது."

என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. இத்தனை நல்ல இடத்திலும் ஒரு கதவுக்குப் பின்னால் அதுதானா என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மரியம்மாள் ஓடி மறைக்கவில்லை. தானே கதவைத் திறந்துவிட்டார்.

"மூணு நாளைக்கு முன்ன நெமிலி பக்கத்துலருந்து கொண்டாந்தாங்க. இந்த வாசனை எங்க வீட்டுது இல்லம்மா. அவர் கூடவே அவர் வீட்டுலருந்து வந்தது. வந்ததுதான் வந்தீங்க, கை கொடுங்க. எனக்கு இப்ப கட்டு மாத்தணும்."

அந்த மனுஷருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். முகம் சுவர்ப்பக்கம். மரியம்மாள் காட்டியபடி பக்தவச்சலம் அவர் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்து நிறுத்தினான். மரியம்மாள் பழைய துணியை எடுத்தார். அப்பாவின் முதுகில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடம். அதே அளவு. ஒரே வித்தியாசம், இந்த உடம்பு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மரியம்மாள் கழுவினார், செத்த சதையைக் கத்தரித்தார், மருந்து வைத்தார். எத்தனை நேரம் ஆயிற்றோ. அவன் கண்ணை மூடவில்லை. ஆறு வருஷமாகக் கனவில் முகம் காட்டாமல் கிடக்கிற மனுஷரை இப்போதாவது புரட்டிப் பிடித்திருக்கிறோம் என்றே அவனுக்குப் பட்டது. கண்ணீர் அந்த ஆளின் தோளில் விழுந்தது.

"யாரு புடிச்சிருக்கறது?" என்று சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார். "வலிக்கல. அப்பிடியே புடிச்சிக்க."

பக்தவச்சலம் பிடியை விடவில்லை.

அந்தப் புண் ஆறுமா என்று வெளியே வந்ததும் அம்சவேணி கேட்டாள். ஆறு மாதத்தில் ஆறிவிடும், இதைவிட மோசமானதெல்லாம் ஆறியிருக்கிறது என்றார் மரியம்மாள். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வார்த்தை அண்ணன் தங்கை இருவரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டது. அப்பாவும் ஆறியிருப்பார்.

பக்தவச்சலம் அப்போது சொன்னான். குளிப்பாட்டும்போது பார்த்ததை, வேட்டி போட்டு மூடியதை, கமலவேணிக்குக்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னான். நீ மூக்கைப் பொத்தியது சரி, நான் பேசியதுதான் அப்பாவைக் கொன்றது என்றான். ஆறு வருஷமாக அடைத்திருந்தது வந்துவிட்டதில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

அம்சவேணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ஷாப்பு நாத்தம் எனக்குத் தெரியாதா? அதுல பொறந்து வளர்ந்தவ நான். அது அந்த நாத்தம் இல்ல. கலவைல எங்க மாமனாருக்கு இப்பிடித்தான் வந்து செத்தாரு. வாசல்ல நின்னப்பவே தெரிஞ்சிபோச்சு. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ அப்பிடிப் பேசின. சரி, எக்கேடோ கெட்டுப் போன்னு திரும்பிட்டேன். உன்ன நெனச்சித்தான் சொன்னேன். ஆனா கெடந்தது அப்பா."

பக்தவச்சலம் அவளையே பார்த்தான். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னைப்போலவே ஒருத்தி கலவையில் நெல் அவித்துக்கொண்டும் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டும் ஆறு வருஷம் இதைச் சுமந்திருக்கிறாளே என்று பரிதாபமாக இருந்தது. அவள் தலையில் கை வைத்தான். அப்போதுதான் அவள் அழுதாள்.

புறப்படுமுன் மரியம்மாள் தன் நிபந்தனையைச் சொன்னார். ஆளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு மறந்துபோகிற இடம் இதில்லை. மூன்று மாதம்தான். பிறகு வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் முதல் மாதம் இங்கேயே தங்கி எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

"யார் கத்துக்கிறாங்களோ அவங்க வீட்டுக்குத்தான் அனுப்புவேன். சமத் பாய் விஷயத்துல நான் பட்டது போதும். அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரிலருந்து போன் பண்ணச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு பேரு அந்தக் கட்டிலுக்குக் காத்திருக்காங்க."

நான் தங்குகிறேன் என்று அம்சவேணி உடனே சொன்னாள். மாற்றுப் புடவை நாலும் பையில் இருப்பதாகச் சொன்னாள். தம்பியோடு கொஞ்சநாள் இருப்பதென்று வரும்போதே தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். பிள்ளைகள் இரண்டையும் மாமியாரிடம் விட்டிருக்கிறாள். வீட்டுக்காரரிடம் தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

பக்தவச்சலம் வழியெல்லாம் முரண்டு பிடித்தான். அவள் கற்றுக்கொண்டால் நந்து போய்ச் சேருவது கலவைக்கு. அண்ணன் குத்துக்கல்லாக இருக்கும்போது தம்பியைத் தங்கை புகுந்த வீட்டில் கொண்டுபோய்ப் போட்டால் ஊர் எதனால் சிரிக்கும்? அதுவும் எந்த மாப்பிள்ளை வீட்டில்? நானே ஷாப்பில் சொல்லிக்கொண்டு ஒரு மாதம் தங்குகிறேன் என்றான். ஏற்றுமதி நேரத்தில் ஆபித் பாஷா ஒருநாள் லீவு கொடுத்ததே பெரிசு என்று அவனுக்கே தெரியும். தான் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் திருப்ப ஆளில்லை என்பதும் தெரியும். அம்சவேணி எதிர்த்துப் பேசவில்லை. நந்துவையே கேட்போம் என்றாள்.

நாலு மணிக்கு வார்டுக்குப் போனபோது நந்தகோபால் விழித்திருந்தான். நாலு மாதத்தில் தோள் மட்டும் பழைய தோள், முகம் பாதியாகிவிட்டது. பக்தவச்சலம் கட்டிலருகே உட்கார்ந்து இல்லத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். மணியை, கண்ணாடியை, சமத் பாயை. மூடிய அறையை மட்டும் விட்டுவிட்டான். மூன்று மாதம்தான், அதற்குள் உன் அண்ணிக்குப் பிரசவமாகிவிடும், பிறகு நம் வீட்டுக்கே அழைத்துக்கொள்கிறேன் என்று முடித்தான்.

"அங்க போறேன்" என்றான் நந்து. "நம்ம வீட்டுக்கு வரல ண்ணா."

பக்தவச்சலத்துக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஏனென்று கேட்டான்.

நந்து முதலில் அக்காவைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்பா முதுக நான் பாத்தேன். ஆனி மாசத்துலயே. நான்தான தெனம் துணி மாத்துவேன். அப்ப ஒரு ரூவா அகலந்தான் இருந்துது. அண்ணங்கிட்ட சொல்றேன்னேன். கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. சொன்னா பெரியவன் ஆஸ்பத்திரில போட்டுடுவான், அங்க போனவன் எவன் திரும்பினான், சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுடான்னாரு. பண்ணிட்டேன். மஞ்சா வச்சிக் கட்டினேன். தெனம் கட்டினேன். தெனம் பெருசாச்சு."

அடுத்த கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

தினமும் துணி மாற்றியவனுக்குத் தெரிந்திருக்காதா என்று பக்தவச்சலம் இந்த ஆறு வருஷத்தில் பலமுறை நினைத்ததுண்டு. கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பெயர் தம்பிமேல் பாசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்போது வெட்கமாக இருந்தது.

"இங்க வந்ததுலருந்து அப்பா வர்றாரு" என்றான் நந்து. "கட்டில்கிட்ட நிக்கிறாரு. கோவமில்ல. முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் அந்த வீட்டுக்குப் போய் அதே எடத்துல படுக்க மாட்டேன் ண்ணா."

அம்சவேணி அவன் கையைப் பிடித்தாள். கலவைக்கு வருகிறாயா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மாமா ஒத்துக்கொள்வாரா என்று அவன் கேட்டதும் அவள் அவன் போர்வையை இழுத்துவிட்டாள்.

"எங்க வேணா கொண்டு போங்க" என்றான் நந்து. "யாரு வேணா பாத்துக்கங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கும் ஒருநாள் அப்பாவுக்கு வந்த பயம் வரும். அப்ப நான் சத்தியம் கேப்பேன். அழுவேன். காலப் புடிச்சிக் கேப்பேன். குடுத்துடாதீங்க."

"குடுக்க மாட்டேன்டா" என்றாள் அம்சவேணி.

பக்தவச்சலம் எழுந்து கட்டிலின் மறுபக்கம் போனான். நர்சு வருவதற்குக் காத்திராமல், காலையில் மரியம்மாள் காட்டியபடி தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, நாலு மாதத்தில் முதல்முறையாகத் தம்பியைத் திருப்பிப் போட்டான். தலையணையைச் சரிசெய்தான். பிறகு கீழே போய், கட்டில் வேண்டும், அம்சவேணி தங்குவாள் என்று இல்லத்துக்குப் போன் செய்யச் சொன்னான். மணி ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

திரும்பி வந்து, இன்று ராத்திரியே கலவைக்குப் போய் மாப்பிள்ளையிடம் பேசுவதாகத் தங்கையிடம் சொன்னான். அவள் கடிதம் ஏதும் எழுதித் தரவில்லை. சொல்லியனுப்பவும் ஒன்றுமில்லை என்றாள். "அவரு உள்ள கூப்பிட மாட்டாரு. நீ தெருவுலயே நின்னு பேசு. நீ பேசினதுக்கு நீதான் பேசணும்."

பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளைத்தாய்ச்சி கமலவேணி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பஸ்ஸில் ஏறிய ஷாப்பு ஆள் ஒருவனிடம் வீட்டுக்குத் தகவல் சொல்லியனுப்பிவிட்டுப் பக்தவச்சலம் கலவை பஸ்ஸைத் தேடிப் போனான். இன்றைக்குத் திரும்பிவர வண்டி கிடையாது என்று கண்டக்டர் எச்சரித்தார். பரவாயில்லை என்றான். சம்பத் மனசு இரங்கினால் நந்துவுக்கு ஒரு வீடு உண்டு. இரங்காவிட்டால், மூன்று மாதம் கழித்துத் தம்பியை எங்கே கொண்டுபோவது என்று அவனுக்குத் தெரியாது.